நில் பலகை

போலீஸ்காரர் இன்னும் வரவில்லை. லோர்னா வாசெக் மறுபடியும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மடியில் கிடந்த உறையின் ஓரத்தை அவள் விரல்கள் சுருட்டுவதும் நீவுவதுமாக இருந்தன.

டன்மோர் கிரீக் ஊர் நீதிமன்றத்தில் வியாழக்கிழமை காலை என்றால் சாலை வழக்குகள்தான். நில் பலகையில் நிற்காமல் காரை ஓட்டிப் போனதாக அவள் மேல் வழக்கு. அவளுக்குப் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசை வேலை. மதியம் வரைக்கும்தான் லீவு சொல்லியிருந்தாள்.

“ஏம்மா, உன்னப் பிடிச்ச போலீசு வரலையா?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். டெல்பர்ட் என்று பேர் சொன்னார். லாரி ஓட்டுகிறவர், வேகமாகப் போய் மாட்டிக்கொண்டவர்.

“இன்னும் காணோம்.”

“அப்ப உனக்கு நல்ல காலந்தான். அவன் வரலன்னா சாட்சி இல்ல, கேசு புஸ்ஸுன்னு போயிரும். என்னப் பிடிச்சவனப் பாரு, கதவு தொறக்குறதுக்கு முன்னாடியே வந்து முன் வரிசையில உக்காந்திருக்கான். வீட்டுல வேற வேலையே இல்ல போல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுகூட நீதிமன்ற அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்தப் போலீஸ்காரர் வருவாரா என்று இரண்டு தடவை கேட்டிருந்தாள். வருவார் என்றுதான் சொன்னார்கள்.

அரசு வக்கீல் ஒவ்வொரு வரிசையாக வந்து அவளிடம் குனிந்தார். “குத்தத்த ஒத்துக்கிட்டீங்கன்னா அபராதம் பாதிதான். லைசென்ஸ்லயும் பதிவாகாது. பத்து நிமிஷத்துல கிளம்பிறலாம்.”

“வேண்டாங்க. நான் வாதாடுறேன்.”

“தோத்தா முழுசும் கட்டணும், பாத்துக்கங்க.”

“பரவால்ல.”

வக்கீல் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார். “எங்கிட்ட ஒருத்தரும் பேரம் பேச வரலையே” என்று டெல்பர்ட் முணுமுணுத்தார்.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. நனைந்த தொப்பியைக் கையில் பிடித்தபடி போலீஸ்காரர் ப்ரூயிட் உள்ளே வந்தார். லோர்னாவிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளிப்பட்டது.

“போச்சு” என்று டெல்பர்ட் அவள் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார்.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். ப்ரூயிட் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டு நீதிபதி ஹாஸ்கலைப் பார்த்துச் சொன்னார்: “நான் சர்ச் வாசல்ல வண்டிய நிறுத்தியிருந்தேங்க. இந்தம்மா கார் எல்ம் தெருவுலேர்ந்து வந்துச்சு. மெதுவாத்தான் வந்தாங்க. ஆனா நிக்கல.”

லோர்னா எழுந்தாள். உறையை மேசை மேல் வைத்தாள்.

“அவர நான் கேள்வி கேக்கலாமா ஐயா?”

“கேளுங்க.”

“அபராதச் சீட்டு எழுதிக் குடுத்தப்புறம், நான் வந்த பக்கமா நடந்து போய்ப் பாத்தீங்களா?”

ப்ரூயிட் வக்கீலை ஒருமுறை பார்த்தார். “பாத்தேன்.”

“பலகை தெரிஞ்சுதா?”

அவர் தொப்பியைக் கை மாற்றினார். “இல்ல. மேப்பிள் மரத்துக் கிளை மொத்தமா மூடியிருந்துச்சு. கம்பத்தோட அடி மட்டுந்தான் தெரிஞ்சுது.”

“சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுத்தானே சொல்றீங்க?”

“ஆமாம்மா.”

கிளை மூடிய பலகையைத் தான் எடுத்திருந்த புகைப்படங்களை அவள் உறையிலிருந்து எடுத்து நீட்டினாள். நீதிபதி கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் கடுத்தது.

“இத இப்படியேவா விட்டு வெச்சிருக்காங்க?” என்று எழுத்தர் பக்கம் திரும்பினார். “சாலைத் துறைக்குப் போன் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள அந்தக் கிளைய வெட்டியாகணும். நான் உத்தரவு போட்டதாச் சொல்லுங்க.” பிறகு லோர்னாவிடம், “வழக்கு தள்ளுபடி. நீங்க போகலாம்” என்றார்.

அவள் போகவில்லை. “இன்னிக்கேவா ஐயா?”

“இன்னிக்கேதான்.”

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ப்ரூயிட் வெளியே வந்தவர், தயங்கி நின்றார்.

“ஜெயிச்சுட்டீங்களே, அப்புறம் ஏம்மா அழுறீங்க?”

“சும்மா.”

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. உங்க வீடும் எல்ம் தெருதான்னு லைசென்ஸ்ல பாத்தேன். தினமும் அந்த வழியாத்தானே போறீங்க. அங்க பலகை இருக்குன்னு தெரியாதா?”

“பதினேழு வருஷமாத் தெரியும்.”

அவர் புருவம் சுருங்கியது.

“ஜூன் மாசம் எதிர் வீட்டு மரிபெல் சைக்கிள்ல போறப்ப கார் அடிச்சுது. எட்டு வயசு. கார்ல வந்தவரு வெளியூரு, பலகை அவரு கண்ணுலயே படல. அவ இன்னும் கட்டைய ஊணித்தான் நடக்குறா. சாலைத் துறைக்கு நாலு கடுதாசி போட்டேன். ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல.”

“சரி, அதுக்கு?”

லோர்னா கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அதான், ரோடு காலியா இருக்குறப்ப, நீங்க பாக்குறீங்களான்னு பாத்துட்டு, நிக்காம போனேன்.”