மடிப் பாரம்

மொக்கச்சாமிக்குக் காலையிலிருந்து தாடை வலி. பல்லில் கோளாறு ஒன்றும் இல்லை. மடியில் உட்கார்ந்திருந்த ஆறு வயது மகள் பொன்னுமணி, சும்மா சும்மா தலையால் அவன் தாடையை முட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருசத்துக்கு முந்தி குரங்கணிப் பாதையில் ஏலக்காய் லோடு ஜீப்பு கவிழ்ந்ததில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அன்றிலிருந்து ஒரு பழைய சக்கர நாற்காலியும் மாட்டுத் தரகும்தான் பிழைப்பு. பொண்டாட்டி ஏலக்காய் பொறுக்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் லீவென்றால் பிள்ளைக்கு அப்பன் மடிதான்.

ராசிங்காபுரம் சின்னச்சாமி நிலபுலம் உள்ள ஆள். அன்றைய மாட்டுச் சந்தைக்கு முதல் தடவையாக ஒரு பசுவை இவனிடம் விற்கக் கொடுத்திருந்தார். பசு நூறுகளில் விலைபோன காலம் அது. எழுநூறுக்கு ஒரு ரூபாய் குறையக்கூடாது என்று காதோடு சொல்லியும் இருந்தார். விற்றுக் கொடுத்தால் அவர் தொழுவமே இவன் கைக்கு வரும். இல்லையென்றால் கயிறு வேறு தரகனுக்குப் போகும்.

"ஏம்ப்பா, மாடு விக்க வந்தியா, தொட்டில் ஆட்ட வந்தியா? அந்தப் புள்ளைய எறக்கி விடுய்யா" என்றார் சின்னச்சாமி.

"இருக்கட்டும்ணே. எறக்கி விட்டா அழுவா."

"நான் அழ மாட்டேனே" என்றாள் பொன்னுமணி.

"பேசாம இரு தாயி."

"ஆறு வயசுக் கழுதை! அப்பன் நெலமை தெரியுதா பாரு" என்று சின்னச்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

சந்தைத் தரை ஓடைப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. நாற்காலியில் பிரேக்கு இருந்த இடத்தில் இப்போது ஓட்டைதான் இருந்தது. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்த பிடியை விட்டால் ஓடைத் தண்ணீரில் போய்த்தான் நிற்கும். கல்லை முட்டுக் கொடுத்தால் ஏதாவது ஒரு மாடு எத்திவிட்டுப் போய்விடும்.

சிலமலை ராக்கையா வந்தார். பசுவின் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். சுழி பார்த்தார். வாலைத் தூக்கியும் பார்த்தார்.

"முட்டுமாய்யா?"

"பசு சாதுண்ணே. முட்டுறதெல்லாம் இவதான்."

மொக்கச்சாமியின் மடியில், மகளையும் சக்கரங்களையும் சேர்த்து மூடி, ஓர் அகலத் துண்டு கிடந்தது. சந்தையில் வாயால் விலை பேசுவதில்லை. வாங்குகிறவர் துண்டுக்குள் கைவிட்டுத் தரகனின் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை நூறு; ஐந்தைத் தாண்டினால் விட்டு மறுபடி பிடிப்பார். ராக்கையாவின் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையில் பூவை வைத்தாலும் ஒன்றுதான், கல்லை வைத்தாலும் ஒன்றுதான்.

கை உள்ளே போயிற்று. பொன்னுமணி டொக் டொக்கென்று அப்பனை முட்டினாள்.

"காணாதுண்ணே. மாட்டோட மடியப் பாத்துப் புடிங்க."

ராக்கையா மீசையைக் கடித்துக்கொண்டு மறுபடி கைவிட்டார். மறுபடியும் முட்டு.

"இன்னும் கொஞ்சம் ஏறி வாங்கண்ணே."

"எங்கிட்டுய்யா ஏற? இதுக்கு மேல ஏறுனா குரங்கணி மலை உச்சிதான்."

"ஏய்யா, இந்தப் புள்ளைய நான் தூக்கிக்கிறேன்" என்று சின்னச்சாமி கையை நீட்டினார். பொன்னுமணி அந்தக் கையைக் கடிக்கப் போனாள். அவர் சட்டென்று பின்வாங்கினார்.

ராக்கையா மூன்றாவது தடவை கைவிட்டார். இந்தத் தடவை முட்டு நிற்பதாகவே தெரியவில்லை. ஏழாவது முட்டில் மொக்கச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் முட்ட, "முடிஞ்சதுண்ணே! மாட்டப் புடிங்க!" என்று கத்தினான்.

ராக்கையா எழுநூறையும் எண்ணி வைத்தார். "நாப்பது வருசமா துண்டுக்குள்ள கை விடுறேன். ஒன்னைய மாதிரி அசையாத தரகனப் பாத்ததில்லடா மாப்ளே" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சின்னச்சாமிக்கு வாயெல்லாம் பல். "தொழுவத்துல இன்னும் ஆறு உருப்படி நிக்குது. அம்புட்டையும் நீதாய்யா வித்துக் குடுக்கணும். ஆனா ஒண்ணு, அடுத்த சந்தைக்கு இந்தப் புள்ளையக் கூட்டியாராத. சோலி பாக்குற எடத்துல எதுக்கு மடிப் பாரம்?"

மொக்கச்சாமி வாயைத் திறப்பதற்குள், பொன்னுமணி துண்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, சிவந்துபோன விரல்களை உஸ் உஸ்ஸென்று ஊதினாள்.

"யப்பா, நான் கை குடுத்து வித்ததுல இதோட மூணு மாடு ஆச்சு. எனக்கு மூணு சேமியா ஐசு பாக்கி!"