பாதைக்குக் குறுக்கே ஒரு டிராக்டர்

முழங்கை வரை மாவோடு டார்லா, பழம் வைத்துச் சுடும் 'பை' பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பாதைத் திறப்பு விழா. ஒன்பது ஸ்ட்ராபெரி பை அவள் பொறுப்பு.

வீட்டுக்குப் பின்னால் முப்பது வருஷமாய் ரயில் ஓடாத தடம். தண்டவாளத்தைப் பிடுங்கி, சரளையைச் சமன்படுத்தி, ஆற்றுப் பாலம் வரை நடைபாதையாக்கியிருந்தார்கள். ரயில் போன வழியில் மேடு ஏது, பள்ளம் ஏது? மகள் டெஸ் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போகலாம். ஆறு வயசாகியும் அவள் அந்த ஆற்றைப் பக்கத்தில் பார்த்ததில்லை.

ஆனால் பாலத்துக்கு முன்னால் ஓர்வில் கிழவர் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, இருபக்கமும் கயிறு கட்டி மூன்று வாரம் ஆகிறது.

கமிட்டித் தலைவி மாரீன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். மேஜைமேல், ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரீபுக்கு ஓர்வில்மேல் எழுதிய புகாரை விரித்தாள். ஊரே கையெழுத்துப் போட்டாயிற்று, உன்னுடையதுதான் பாக்கி என்றாள்.

"தன் வயலோரமா யாரும் நடக்கக்கூடாதாம். ஏன்னு கேட்டா, என் இஷ்டம்கிறான். உன் பொண்ணுக்காகவாவது போடு."

டார்லாவுக்கும் கோபம்தான். ஆனால் ஒரு வார்த்தை நேரில் கேட்காமல் ஷெரீபிடம் போவதா? அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாவுக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கழுவிட்டுப் போடு, நான் இருக்கேன்" என்று உட்கார்ந்த மாரீன், விழாவுக்கு வரைந்த துணிப் பதாகையைப் பெருமையாய் விரித்தாள். கழுத்தில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட சின்னப் பறவை. பாதையின் சின்னமாம்.

பின்கதவில் ஓர்வில், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"டிராக்டரை எடுத்துட்டேன், டார்லா."

"ஷெரீப்னதும் பயமாக்கும்" என்றாள் மாரீன்.

அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. "சரளை நடுவுல நாலு முட்டை. கல்லு மாதிரியே இருக்கும், மிதிச்சாத்தான் தெரியும். வெளியே சொன்னா ஊரே வேடிக்கை பார்க்க வந்து மிதிச்சிருக்கும். அதான் கெட்டவனாவே இருந்துட்டேன். காலையிலே பொரிஞ்சிருச்சு. உன் பொண்ணுதான் முதல்ல பார்க்கணும்."

"முட்டையா? எதோட முட்டை?" என்றாள் மாரீன்.

ஓர்வில் பதாகையில் இருந்த பறவையைக் காட்டினார். "இந்தம்மாவோடது."

மாரீன் புகாரை மெல்ல மடிக்கப்போனாள். டார்லாவுக்கு அப்போதுதான் வாய் வந்தது.

"அந்தக் காகிதத்தை இப்படிக் குடுங்க, மாரீன். சுட்ட பைக்கு அடியிலே விரிக்க இன்னும் ஒரு தாள் வேணும்..."

"அம்மா, நான் கிளம்பிட்டேன்" என்று பாதையிலிருந்து டெஸ்ஸின் குரல் வந்தது.