வாசற்படியில் நாங் கம்

புத்தூரில் கிரேஸ் டீச்சர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கிறது. நடுவில் விரித்த துண்டில் பிடியரிசி குவிந்து கிடக்கிறது. தினமும் உலை வைக்கும்போது ஊழியத்துக்கென்று ஒவ்வொருத்தியும் ஒரு பிடி ஒதுக்கி வைத்தது. ரேஷன் அரிசிதான், ஆனாலும் யாருக்கும் கை சுருங்கவில்லை. ஜன்னல் வழியே மாலை வெயில் அதன்மேல் சாய்ந்து விழுகிறது. உறையூர்ப் பக்கம் போகிற ஜட்கா ஒன்றின் சத்தம் தேய்ந்து மறைகிறது. "இந்த வாரம் பர்மாவில இருக்கிற ஷான் ஜனங்களுக்காக ஜெபிக்கணும். சலோமி அக்கா அங்கயே குடியிருந்தவங்க. நீங்களே ஜெபம் பண்ணுங்கக்கா" என்கிறாள் டீச்சர். போன வருஷம் யுத்தத்துக்குத் தப்பி அகதியாகக் கப்பலில் வந்திறங்கிய சலோமி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்கால்படியிடுகிறாள். கண்ணை மூடினால் ஷான் மலையூர் தவுங்ஜியில் அவள் வீட்டு வாசற்படி தெரிகிறது. அதில் பக்கத்து வீட்டு ஷான்காரி நாங் கம், மடியில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே குடும்ப ஜெபம் முடியும்வரை தினமும் அப்படித்தான் காத்திருப்பாள். ஒருநாள், "நானும் உள்ளே வந்து உட்காரட்டுமா?" என்று கேட்டாள். "இது எங்க தமிழ் ஜெபம், உனக்குப் புரியாது" என்று சொல்லிக் கீரையை வாங்கிக்கொண்டு, சலோமிதான் கதவைத் தாழிட்டாள். "ஆண்டவரே," என்று இப்போது ஆரம்பிக்கிறாள். "அந்த ஜனங்களுக்கு உம்முடைய வார்த்தையைச் சொல்ல யாரையாவது..." 'அனுப்பும்' என்பதற்கு முன்னால் அன்றைக்குத் தான் போட்ட தாழ்ப்பாளின் சத்தம் காதில் விழுகிறது. சுற்றிலும் பெண்கள் தலைகுனிந்து, ஆமென் சொல்லக் காத்திருக்கிறார்கள்.