மனிதர் யாரும் கேட்கமாட்டார்

“உங்கள் பிழைகளை எந்த மனிதரும் கேட்கமாட்டார், இயந்திரம்தான் கேட்கும்” என்று சொல்லித்தான் அந்த ஆங்கிலப் பயிற்சியைச் சீனாவில் விற்றார்கள். வேலூரில் உட்கார்ந்து ஃபௌசியா கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, தவறு என்ற இரண்டு பொத்தான்களைத்தான் அவள் தொடலாம். வாய் திறந்தால் வேலை போய்விடும்.

மாணவர் லியாங் தனியாக வாழும் முதியவர். ஒருநாள் பாடம் விட்டாலும் மகன் வாழும் நாட்டுக்கு அவர் போவதற்கான விசாப் புள்ளிகள் அழிந்துவிடும். திரையில் வரும் சொல்லுக்கு அவர் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும்.

மழை. “மூன்று நாளாக மழை பெய்கிறது.” சரி.

கதவு. “கதவுக்கு அடியில் தண்ணீர் வருகிறது.” சரி என்று அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

நாற்காலி. “நாற்காலி மிதக்கிறது. நான் கட்டில்மேல் நிற்கிறேன்.”

ஃபௌசியா மைக்கைத் திறந்து ஆங்கிலத்தில் கத்தினாள். “பாடத்தை விடுங்கள். மாடிக்கு ஓடுங்கள்!”

இணைப்பு அறுந்தது.

மறுநாள் மதியம் மேலாளர் ஜெபராஜ் கூப்பிட்டார்.

“என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? யாரோ ஒரு பொம்பளை ஒட்டுக்கேட்டு, பாடத்தையும் கெடுத்துட்டாங்கன்னு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்.”

“யார் சார் எழுதினது?”

“அந்த லியாங்தான். இன்னைக்குக் காலையில. பயங்கரக் கோபத்துல இருக்கார்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் ஃபௌசியா.