இரண்டே இருக்கை

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் மணிவேலின் சிவப்புக் காரும் அஸ்வினின் மஞ்சள் காரும் நின்றன. இரண்டிலும் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால்.

"வளைவுல உன் வண்டிதான் தரையைக் கவ்வுது, தம்பி."

"சத்தத்துல உங்க வண்டிதாங்க சார். முதுகுக்குப் பின்னால சிங்கம் உறுமற மாதிரி!"

ஞாயிறு தவறாமல் இதே பேச்சுதான். வீட்டு நலத்தை மணிவேல் விசாரித்ததில்லை. அஸ்வினைச் சொல்லவிட்டதும் இல்லை.

"இதை வித்துடப் போறேனுங்க சார்."

"ஏன்? அடுத்த வாரம் நான் யார் வண்டியோட ஒப்பிட்டுப் பார்க்கறது?"

"ரெண்டே சீட்டு பத்தாதுங்க. சுப்ரியாவுக்கு இது நிறைமாசம்."

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக வேண்டியது தாய்வீடு. காதலித்தவனைக் கைப்பிடித்ததால் குடும்ப கௌரவம் போயிற்றென்று, "எனக்கு மகளே இல்லை" என ஊரறியச் சொல்லிக் கதவைச் சாத்திய அந்தத் தாய்வீடு மணிவேலுடையது.

தன் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அஸ்வினின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"பின்சீட்டு இருக்கற வண்டியும் நம்ம வீட்ல நிக்குது, மாப்பிள்ளை. நானும் அவ அம்மாவும் வந்து கூப்பிட்டா... அவ ஏறுவாளா?"