மாப்பிள்ளையின் இருபத்துநான்கு மணி நேரம்

சரியாக இருபத்துநான்கு மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரமாக மூன்று நாள், ஒரு தவறுகூட இல்லாமல், ரத்த மாதிரிக் குழாய்களைப் பிரித்து அடுக்கி முடித்திருந்தது இயந்திரக் கை.

ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். ஒன்றரை வருடமாக ஒரு துரும்பைக்கூட அசைக்காமல், எல்லோரும் சுற்றி நின்று கவனிக்க, ஜம்மென்று உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர்.

"ஆயிரத்து நானூத்தி நாப்பது குழாய். ஒண்ணுகூட இடம் மாறல!" என்றார் இயக்குநர். எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளைக்கு மென்பொருள் எழுதியவள் மட்டும் கடைசி வரிசையில், சுவரோடு சுவராக நின்றாள்.

மேஜையில் ஒரே ஒரு கேக். விசேஷமோ இரண்டு. ஒன்று, மாப்பிள்ளையின் வெற்றி. இன்னொன்று, பதினேழு வருடமாக உறைபனி அறையில் அதே குழாய்களைக் கையால் பிரித்து அடுக்கிய பனியக்காவின் வழியனுப்பு விழா.

"திங்கட்கிழமையிலேர்ந்து மாப்பிள்ளை தனியாவே பாத்துக்கும். பக்கத்துல ஆளே வேணாம்," என்றார் இயக்குநர். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று நாள் முன்பு, பரிசோதனையின் முதல் காலை. மதிப்பீட்டுக் குழுவினர் எட்டுப் பேர் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக நின்றார்கள். மூன்றாவது குழாயின் சீட்டில் பனி படிந்திருந்தது. கேமராவுக்கு எழுத்து தெரியவில்லை. மாப்பிள்ளை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்துச் சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். இந்த ஒன்றை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை எங்கேயும் நிற்கவில்லை, மதிய இடைவேளையைத் தவிர. மோட்டார் சூடு ஆறட்டும் என்று அவளே கேட்டு வாங்கிய இடைவேளை அது.

"என்னடி பொண்ணே, இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற? வேலை போனது எனக்கா, உனக்கா?"

கேக் தட்டோடு பனியக்கா வந்து நின்றார். ஆறு மாதம் இவர் பக்கத்தில் நின்று, இந்த வேலையைத் தன் கையால் பழகி, அதன் பிறகுதான் அவள் மென்பொருளில் முதல் வரியை எழுதினாள்.

"ஸாரிக்கா," என்றாள்.

"நீ எதுக்கு ஸாரி சொல்ற? ஒரு மாப்பிள்ளை வந்து என்னை வேலைய விட்டு அனுப்பிட்டான்னு வீட்ல பொண்ணுகிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம், 'இனிமே பகலெல்லாம் என்னம்மா பண்ணுவே?'ன்னு கேட்டா." அக்கா கேக்கின் ஓரத்தைக் கரண்டியால் கிள்ளினார். "அதுக்குத்தான் பதில் சொல்லத் தெரியல."

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு, உன்னைப் பாராட்டணும். குழாயை வைக்கிறதுக்கு முன்னாடி, பனி உதிரட்டும்னு நான் ரெண்டு தட்டு தட்டுவேன்ல? மாப்பிள்ளையும் தட்டுது! நேத்து கண்ணாடி வழியா பாத்துட்டு அசந்து போயிட்டேன். அதைக்கூட விடாம எழுதிட்டியே."

அக்கா நீட்டிய தட்டை அவள் வாங்கினாள். வாங்கும்போது அக்காவின் பார்வை அவள் விரலில் பட்டது.

"என்னடி இது, கட்டைவிரல் இப்படிக் கொப்பளிச்சிருக்கு? கம்ப்யூட்டர் தட்டினாக்கூடவா கொப்புளம் வரும்?"

சட்டென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் இயக்குநர் கூப்பிட்டார். "எங்கம்மா நம்ம இன்ஜினியர்? வந்து ரெண்டு வார்த்தை பேசு!"

"ரெண்டு வருஷத்துல மொத்தமே ரெண்டு வார்த்தைதான் சார் பேசியிருக்காங்க," என்று எலெக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார். கூடம் சிரித்தது.

"போடி. கூட்டத்தைப் பாத்தா உனக்கு நடுங்குமே, என் மூஞ்சிய மட்டும் பாத்துப் பேசு," என்று அக்கா முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

அவள் முன்னால் போய் நின்றாள். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தாள். இயக்குநருக்கு நன்றி, குழுவுக்கு நன்றி, கடைசியாகப் பனியக்காவுக்கு நன்றி. கண்ணாடிக்கு அப்பால் மாப்பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் திங்கட்கிழமைக்கான குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நோயாளியின் பெயர், சீட்டுகளின் மேல் வெள்ளையாகப் பனி.

காகிதத்தை நான்காக மடித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா, 'ம், பேசு' என்று தலையை ஆட்டினார்.

"மாப்பிள்ளை தானா எடுத்து வெச்சது மொத்தமே ரெண்டு குழாய்தான் சார். மிச்சம் எல்லாத்தையும் பக்கத்து ரூம்ல உக்காந்து ஜாய்ஸ்டிக்ல எடுத்து வெச்சது நான்."