மூன்று முறை கேட்ட வார்த்தை

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டிலின்மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. மூச்சு மெஷின் மதியமே நின்றுபோனது. வேறு மெஷின் வரும்வரை, கட்டிலில் கிடக்கும் கணவனுக்கு நர்ஸின் கைதான் மூச்சு. அவள் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி விட, அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இன்னொரு நர்ஸ் வந்து, "ஐ வில் டேக் ஓவர்" என்கிறாள். அமுக்கும் கையின்மேல் தன் கையை வைக்கிறாள். இருவரும் ஒருமுறை சேர்ந்து அமுக்கியதும் அடியில் இருந்த கை மெல்ல நழுவி வெளியே வருகிறது. ஒரு மூச்சுகூடத் தவறவில்லை. இது மூன்றாவது தடவை. மனைவி கண்கொட்டாமல் பார்க்கிறாள்.

"என்ன சொல்றாங்க அண்ணி?" என்று நாத்தனார் கிசுகிசுக்கிறாள்.

"நீ விடு, இனிமே நான் பாத்துக்கறேங்கறாங்க."

"இங்கிலீஷ்ல பன்னெண்டு மார்க் வாங்கின ஆளு நீங்க."

"கையைப் பாத்தாலே தெரியுதே."

முதல் நர்ஸை அடுத்த வார்டில் கூப்பிடுகிறார்கள். மாற்றிவிட இனி ஆள் இல்லை. அமுக்குகிறவளின் கட்டைவிரல் நடுங்கத் தொடங்குகிறது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. மதியத்திலிருந்து மனைவி பத்துத் தடவை தேங்க்யூ சொல்லிவிட்டாள். எதுவும் போதவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, நர்ஸின் கையின்மேல் தன் கையை வைக்கிறாள்.

"டேக் ஓவர், சிஸ்டர்."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்கிறாள். நாலைந்து மூச்சு இருவரும் சேர்ந்தே அமுக்குகிறார்கள். பிறகு அடியில் இருந்த கை மெல்ல நழுவி வெளியே வருகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. நர்ஸ் இன்று முதல் தடவையாக ஸ்டூலில் உட்காருகிறாள்.